பரிசிலும் மூன்றாவது ஆளும்

1

எங்கள் அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறாள். ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று மாதிரி செய்து அனுப்புவார்களே, அதற்குத் தோல் வெட்டிக் கொடுக்கிற வேலை. பேட்டர்ன் அட்டையைத் தோல்மேல் வைத்து, தழும்பும் ஓட்டையும் இல்லாத இடமாகப் பார்த்து, கத்தியை எடுக்காமல் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். பதினைந்து வருஷமாக வெட்டுகிறாள். போன புத்தாண்டுக்கு, கனடாவிலிருந்து வந்த பையர் ஒருத்தர் அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனாராம். சாக்லேட் என்று நினைத்துப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருபது அட்டைகள், இருபது கவர்கள். அட்டையின் உள்பக்கம் வெறுமை. நாம் எழுதிக்கொள்ள வேண்டும். முகப்பில் ஆந்தை, மீன், முகம் முளைத்த சூரியன். பெட்டியின் மேல் 'இனுவிட் கலை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

"இன்னா தம்பி இது, ஆந்த மாதிரியும் கீது, மயில் மாதிரியும் கீது. நான் யாருக்கு லெட்டர் எழுதப் போறேன்? நீதான் எழுதறவன், நீயே வச்சிக்கோ" என்று என்னிடம் தந்துவிட்டாள். தரும்போது ஆந்தையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்: "இது பென்சிலால வரஞ்சது இல்ல தம்பி. கத்தி போன வழி இது."

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருப்பவன். அக்கா பார்த்தது என் கண்ணில் படவே இல்லை. இந்தக் கட்டுரை அவளுடைய அந்த ஒரு வாக்கியத்தைப் பின்தொடர்ந்து போனதன் விளைவு.

பரிசு என்றால் இரண்டு ஆள் என்றுதான் நினைக்கிறோம். கொடுப்பவர், வாங்குபவர். மார்செல் மோஸ் 1925இல் பரிசு பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், மாவோரி மக்களிடமிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறார். கொடுத்த பொருளோடு கொடுத்தவரின் ஆவியும் சேர்ந்து போகிறது. அதனால்தான் பரிசு, பதிலுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரி. ஆனால் கொடுத்தவரே செய்யாத பொருளில் யாருடைய ஆவி இருக்கும்? அதைச் செய்த மூன்றாவது ஆள் எங்கே போனார்? சங்கப் பாட்டில் பாணனுக்குப் பொற்றாமரை கிடைக்கிறது. கொடுத்த அரசன் பெயர் தெரியும், பாடிய புலவர் பெயர் தெரியும். பொன்னை அடித்துத் தாமரையாக்கியவன்? 'பரிசில்' என்ற நம்முடைய அழகான சொல்லுக்குள் அவன் இல்லை.

2

முதலில் இந்த அட்டைகளின் கதை. நம் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் 'எஸ்கிமோ' என்று படித்தோமே, பனிக்கட்டி வீட்டு மனிதர்கள், அவர்கள்தான். அது மற்றவர்கள் வைத்த பெயர். கனடாவின் வடக்கில் இருப்பவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இனுவிட். 'மக்கள்' என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளை நரித்தோலின் விலை விழுந்தது. நரித்தோலை விற்றுத் துப்பாக்கி, மாவு, தேயிலை வாங்கிப் பழகியிருந்த இனுவிட் மக்கள் அரசு நிவாரணத்துக்குக் கையேந்தும் நிலை வந்தது. ஆக, கலையின் வரலாறு இங்கே தோல் சந்தையின் சரிவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1948இல் வடக்கே போன ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற இளம் ஓவியர் அவர்களுடைய சிறு சிற்பங்களைக் கொண்டுவந்தார். 1949இல் மான்ட்ரியலில் கனடியக் கைவினைச் சங்கம் நடத்திய விற்பனையில் எல்லாம் சீக்கிரமே விற்றுப்போயின. பிறகு ஹூஸ்டன் அரசு ஊழியராகக் கேப் டார்செட் என்ற ஊரில் தங்கினார். (2020 முதல் அந்த ஊரின் அதிகாரபூர்வப் பெயர் கிங்கைட்.)

அச்சுப்படம் அங்கே வந்த கதையை ஹூஸ்டனே சொல்லியிருக்கிறார். 1957 குளிர்காலம். ஒசுயிதோக் இப்பீலி என்ற சிற்பி இரண்டு சிகரெட் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் அதே மாலுமியின் தலை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் யாரோ உட்கார்ந்து இதே தலையைத் திரும்பத் திரும்ப வரைவது எவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று கேட்கிறார். ஹூஸ்டன் விளக்க முயன்று முடியாமல், ஒசுயிதோக் செதுக்கிய வால்ரஸ் தந்தத்திலேயே மையைத் தடவி, மெல்லிய தாளை அழுத்தி எடுத்துக் காட்டுகிறார். அதிகாரியின் வாயால் வந்த கதை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கேள்வி முக்கியமானது. வால்டர் பெஞ்சமின் 1936இல், இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருளின் 'ஒளிவட்டம்' கரைகிறது என்றார். ஒசுயிதோக் படத்தின் ஒளிவட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. வரைகிறவனின் கை வலிக்குமே என்று கேட்டார். மூன்றாவது ஆளைத் தேடிய கேள்வி அது.

1958இன் கடைசியில் ஹூஸ்டன் ஜப்பானுக்குப் போய் ஹிராட்சுகா உன்இச்சியிடம் மர அச்சுக்கலை கற்றுத் திரும்பினார். 1959இல் கேப் டார்செட்டின் முதல் அச்சுத் தொகுப்பு வெளிவந்தது. அதே வருஷம் மேற்கு பாஃபின் எஸ்கிமோ கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. ஒருவர் வரைவார், இன்னொருவர் அதைக் கல்லில் செதுக்குவார், மை தடவித் தாளில் எடுப்பார்கள். ஒரு படத்துக்குப் பொதுவாக 50 பிரதிகள்தான்.

இங்கேதான் அக்காவின் கத்தி வருகிறது. கிங்கைட்டின் ஆரம்பகால அச்சு முறைகளில் ஒன்று ஸ்டென்சில். அந்த ஸ்டென்சில்களை முதலில் கடல்நாய்த் தோலிலேயே வெட்டினார்கள். இன்று உலகம் அறிந்த கெனோஜுவாக் அஷெவாக்கின் (1927-2013) முதல் அச்சுப்படம், கடற்பாசி தின்னும் முயல். அது தோல்பை ஒன்றில் அவர் வெட்டி ஒட்டித் தைத்திருந்த உருவத்திலிருந்து எடுக்கப்பட்டது. தோலைச் சுரண்டி, காயவைத்து, பல்லால் மென்று மிருதுவாக்கி, வெட்டி, தண்ணீர் புகாமல் தைப்பது அங்கே பெண்களின் வேலை. வெட்டுத்தோலில் ஒரு உருவம் இருக்கிறது, மிச்சத் தோலில் அதே உருவத்தின் வெற்றிடம் இருக்கிறது என்பது அவர்கள் தினசரி பார்த்த விஷயம்.

அக்கா கையில் இருந்தது கெனோஜுவாக்கின் இன்னொரு படம்: 1960இல் வெளிவந்த மாய ஆந்தை. 1970இல் கனடா அதைத் தபால்தலையாகவே வெளியிட்டது. கறாராகப் பார்த்தால் அக்கா சொன்னது தப்பு. அந்த ஆந்தையை கெனோஜுவாக் பென்சிலால்தான் வரைந்தார். ஆனால் நாம் அட்டையில் பார்ப்பது பென்சில் கோடு இல்லை. கல்லில் வெட்டியவரின் கோடு. அக்கா கண்டுபிடித்தது அவரை.

3

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டில் இப்படிப் படங்களைக் கட்டிப் பரிசாக அனுப்பிய வரலாறு இருக்கிறதா? இருக்கிறது. கிங்கைட்டைவிட நூறு வருஷத்துக்கு மேல் பழையது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் ஒரு ஆல்பம் உள்ளது. 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்' என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். மதுரை, 1837. கையால் வண்ணம் தீட்டிய 72 படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர். முகப்புப் பக்கத்தில் ஆங்கிலம், தமிழ், தெலுங்கு மூன்றும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திவிட்டு மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டேனியல் பூர், வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்கு இதை அன்பளிப்பாகத் தந்திருக்கிறார். தொகுத்தவர் மிஷன் நடத்திய ஆங்கிலப் பள்ளியின் இந்திய எழுத்து ஆசிரியர். கையெழுத்து கற்றுக்கொடுக்கிற வாத்தியார்.

கவனியுங்கள். கொடுத்தவர் பெயர் இருக்கிறது. வாங்கியவர் பெயர் இருக்கிறது. படத்தில் நிற்பவர்களுக்குச் சாதிப் பெயர் இருக்கிறது. அந்த வாத்தியாரோ 'எழுத்து ஆசிரியர்' என்ற உத்தியோகமாகத்தான் நூலகப் பதிவுக்குள் நுழைகிறார். பரிசிலின் இலக்கணம் இதுதான்.

இது தனி ஆல்பம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இந்த வகைப் படங்கள் செட் செட்டாகத் தயாராயின. திருச்சியில் கண்ணாடி போன்ற அப்பிரகத் தகட்டில் வரைந்தார்கள். ஊருக்குத் திரும்பும் கம்பெனி அதிகாரி வாங்கிப் போவார். கலை வரலாற்றில் இதற்குக் 'கம்பெனி ஓவியம்' என்று பெயர். ஒரு ஆண், அவன் பெண்டாட்டி, கையில் தொழில் கருவி, பின்னணி பெரும்பாலும் காலி. குயவரும் மனைவியும், வண்ணாரும் மனைவியும், செருப்புத் தைப்பவரும் மனைவியும். வெயில் இல்லை, வியர்வை இல்லை, வேலை வாங்குகிறவனும் இல்லை. தமிழகத்து வயல்களில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருந்ததற்கு அரசின் சட்டம் அளித்துவந்த ஆதரவை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம்தான் விலக்கியது. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் வரைந்த படங்கள் இவை. படத்தில் எல்லோரும் சுத்தமான துணி உடுத்தியிருக்கிறார்கள்.

சாதியைப் பார்வைக்கு உகந்த 'மாதிரி'யாக்கி, ஒன்றோடொன்று சேராமல் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பது பின்னால் வந்த சென்சஸ் அட்டவணையின் ஒத்திகை என்று இன்று நாம் வாசிக்கலாம். பெர்னார்ட் கோன் போன்றவர்கள் காட்டிய வழி அது. எனக்கு அதைவிட இந்தப் படங்களை வரைந்தவர்களை வெள்ளைக்காரர்கள் அழைத்த பெயர்தான் முக்கியமாகப் படுகிறது: 'மூச்சி'. தமிழ் அகராதியில் முச்சி, முச்சியன்.

4

அந்தச் சொல்லை அகராதிகளில் தேடினால் வியப்பாக இருக்கிறது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி முச்சியைத் தோல் வேலை செய்பவர், செருப்பும் சேணமும் தைப்பவர் என்கிறது. தென்னிந்தியாவில் அவர்களே ஓவியம், தங்கமுலாம், மெத்தை வேலைகளையும் செய்வதாகச் சேர்த்துச் சொல்கிறது. 1901 சென்னை மாகாண சென்சஸும் ஓவியத்தையும் தோலையும் சேர்த்தே முச்சிகளின் தொழிலாகக் குறிக்கிறது. மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. சென்னை மாகாணக் கச்சேரிகளில் பேனா சீவி, மை காய்ச்சி, தாளுக்குக் கோடு போட்டு, தஸ்தாவேஜுகளைக் கட்டித் தரும் எழுதுபொருள் ஊழியருக்கும் முச்சி என்றுதான் பெயர்.

தோல், ஓவியம், எழுதுபொருள் மூன்றும் ஒரே சொல்லில். நான் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியும் அதேதான். கனடாவில் தோல் வெட்டிய கைகளின் படம், எழுதுபொருளாகி, தோல் வெட்டும் பெண்ணிடம் வந்திருக்கிறது.

இதில் விசேஷம் ஒன்றுமில்லை. தோலும் படமும் பழைய உறவு. மராத்தியர் காலத்தோடு தஞ்சைப் பகுதிக்கு வந்த மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார் தோற்பாவையில் ராமனையும் ராவணனையும் வெட்டி, வண்ணம் தீட்டி, வெளிச்சத்தில் ஆட்டியவர்கள். சேணத்துக்குப் பூ வேலை செய்த கை, பல்லக்கின் உறைக்கு முலாம் பூசிய கை, தாளில் மனிதரை வரைந்ததில் என்ன ஆச்சரியம்? ஆச்சரியமெல்லாம் அவை பிரிந்த விதத்தில்தான் இருக்கிறது.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். 'நுண்கலை' ஒரு பக்கம், 'கைத்தொழில்' ஒரு பக்கம் என்ற ஐரோப்பியக் கோடு இங்கே அப்படித்தான் பாடத்திட்டமாகிறது. போட்டோ வந்ததும் முச்சியர் ஆல்பத்துக்கான தேவை குறைந்தது. இன்று அவர்களுடைய படங்கள் லண்டன் மியூசியங்களில் 'கம்பெனிப் பாணி' என்ற மரியாதையோடு இருக்கின்றன. சொல்லின் மறுபாதியான தோல், தீட்டுப்பட்ட தொழிலாக ஊருக்கு வெளியே, பாலாற்றங்கரையிலேயே தங்கிவிட்டது. ஒரே சொல்லைப் பிளந்து, ஒரு பாதியைக் கலை வரலாற்றுக்கும் இன்னொரு பாதியைச் சாதிக் கணக்குக்கும் அனுப்பிய வேலையைக் காலனியமும் வருணமும் சேர்ந்தே செய்தன.

அந்த மறுபாதியின் சரித்திரம் எங்கள் ஊர்களின் சரித்திரம். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய அரைப்பதத் தோல் கப்பலேறி லண்டனுக்குப் போனது. ஊர்ப் பெயர்கூட இல்லை. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பொதுப் பெயர். அங்கே அதை முடித்து, மெருகேற்றி, அவர்கள் பெயரைப் போட்டார்கள். ஆல்பத்தில் பெயரில்லாத ஓவியன் போலவே கப்பலில் பெயரில்லாத தோல். இந்த நாட்டில் குரோம் பதனிடும் சோதனைகளை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903வாக்கில் செய்தது அதே சென்னைக் கலைப்பள்ளியில்தான். பின்னால் பாலாற்றில் கலந்த குரோமியத்தின் முன்கதை ஒரு கலைப்பள்ளியில் ஆரம்பிப்பதை எந்த நாவலாசிரியன் எழுதினாலும் நம்ப மாட்டோம். 1970களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன்பிறகுதான் தோல் இங்கேயே ஷூவாகும் காலம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறும் காலமும் வந்தது. எங்கள் தாத்தா சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். அக்கா ஏசி ஹாலில் நின்று வெட்டுகிறாள். இதை முன்னேற்றம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஷூவின் உள்ளே இத்தாலியப் பெயர்தான் இருக்கிறது.

5

பெயர் என்பது சாதாரண விஷயமில்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டை எம்.ஏ. வகுப்பில் உவமை நயத்துக்காகப் படித்தோம். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. கட்டிலை வாரால் பின்னுகிறவன் கையில் ஊசி எவ்வளவு விரைவாகப் போகுமோ அவ்வளவு விரைவாம் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர். பாடிய சாத்தந்தையாருக்குப் பெயர் உண்டு, அரசனுக்கு உண்டு. அந்தக் கைக்காரனைப் பாட்டு 'இழிசினன்' என்கிறது. அவனுடைய அவசரத்தை, வீட்டில் துடிக்கும் மனைவியை, அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கவிஞருக்கு அவனைச் சொல்ல ஒரு வசவுதான் கிடைத்தது. வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனுவிட் மக்களுக்கும் இந்தப் பிரச்சினை வேறு வடிவில் வந்தது. அவர்களிடம் குடும்பப் பெயர் கிடையாது. இறந்தவரின் பெயர், ஆண் பெண் பேதமில்லாமல், புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் போகும். பெயரோடு அந்த ஆளும் திரும்பி வருகிறார் என்பது நம்பிக்கை. அரசின் ரிஜிஸ்தருக்கு இது ஒத்துவரவில்லை. 1940களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு சின்ன வில்லையைக் கொடுத்துக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பல பழைய சிற்பங்களின் அடியில் சிற்பியின் பெயருக்குப் பதில் அந்த எண்தான் செதுக்கியிருக்கிறது. 1968 முதல் 1971 வரை ஆப்ரகாம் ஒக்பிக் என்ற இனுவிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்த பிறகே எண் படிப்படியாக ஒழிந்தது.

இந்தப் பின்னணியில்தான் கிங்கைட் அச்சுப்படத்தின் மூலையைப் பார்க்க வேண்டும். அந்த ஆரம்பகாலப் படங்களில், ஜப்பானிய முத்திரை போல, வரைந்தவர் பெயர், கல்லை வெட்டியவர் பெயர், கூட்டுறவின் சிவப்பு இக்ளூ அடையாளம். இயோலா கிங்வாட்சியாக், லுக்தா கியாட்சுக், கனங்கினாக் பூட்டூகூக், எக்யிவுட்லுக் பூட்டூகூக் என்று முதல் அச்சுக்காரர்களின் பெயர் இன்றும் தெரிகிறது. எண்ணால் அறியப்பட்டவர்கள், தங்கள் பெயரையும் தோழனின் பெயரையும் ஒரே தாளில் போட்டார்கள். ஒரு அரசு அதிகாரியின் கருணை இதைச் சாதித்தது என்று நான் நினைக்கவில்லை. அச்சுக்கூடம் கூட்டுறவின் சொத்தாக இருந்தது. 1978இல் டொராண்டோவில் விற்பனைக் கிளையையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். பெயர் நின்றதற்குக் காரணம் இந்த உடைமை. சிவகாசிக் காலண்டர் உலகில் கொண்டைய ராஜுவின் பெயர் நின்றது அவர் கையெழுத்துப் போட்டதால். அக்கா ஷூவில் கையெழுத்துப் போட முடியுமா?

அதற்காக வடக்கைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. கெனோஜுவாக்கே 1952இலிருந்து மூன்று வருஷம் காசநோய்க்காகக் குழந்தைகளைப் பிரிந்து கியூபெக் ஆஸ்பத்திரியில் இருந்தவர்; அந்தக் காலத்தில் அவருடைய பிள்ளைகள் ஊரில் இறந்துபோனார்கள். அடுத்தடுத்த தலைமுறையில் அன்னி பூட்டூகூக் (1969-2016) வந்தார். ஆந்தையும் மீனும் வரையவில்லை. டி.வி. பார்க்கும் குடும்பம், கடைச் சாமான், குடி, அடிக்கும் புருஷன் என்று வரைந்தார். 2006இல் கனடாவின் சோபி விருது கிடைத்தது. பெயர் கிடைத்தது, புகழ் கிடைத்தது. ஆட்டவா தெருக்களில் கையில் கிடைத்த காசுக்குப் படத்தை விற்று, 2016இல் அங்கே ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். என் பெட்டியில் இருக்கும் இருபது அட்டைகளில் அன்னியின் படம் ஒன்றுகூட இல்லை. சுத்தமான துணி உடுத்தியவர்கள்தான் பரிசுப் பெட்டிக்குள் வர முடியும். 1837இலும் அப்படித்தான்.

6

வாங்குகிறவரின் மனசாட்சி பற்றியும் சொல்லியாக வேண்டும். 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கடல்நாய்க் குட்டித் தோல்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. குட்டிகளை அடித்துக் கொல்லும் படங்கள் ஐரோப்பிய வீடுகளை உலுக்கியிருந்தன. இனுவிட் வேட்டையாடியது பெரும்பாலும் வளர்ந்த கடல்நாய். ஆனால் சந்தை குட்டி, பெரிசு என்று பார்க்கவில்லை. எல்லாத் தோலும் விலை போகாமல் விழுந்தது. 2009இல் இன்னும் பெரிய தடை வந்தபோது இனுவிட்டுக்கு விலக்கு இருந்தது. விழுந்த சந்தையை அது எழுப்பவில்லை. கடல்நாயின் தோல் வேண்டாம், அந்தத் தோல் தந்த படம் மட்டும் வேண்டும் என்றாகிவிட்டது.

எங்களுக்கும் ஒன்று நடந்தது. 1989இல் பென்டாகுளோரோபீனால் கலந்த தோலை ஜெர்மனி தடுத்தது. 1990களில் சில அசோ சாயங்களை. இங்குள்ள டேனரிகள் அடித்துப்பிடித்து மருந்தை மாற்றின. ஐரோப்பியக் காலில் படக்கூடாத ரசாயனத்துக்கு உடனே வழி பிறந்தது. பாலாற்றுக் கிணறுகளில் கலந்த கழிவுக்கோ நாமே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரி 30இல் அதே பாலாற்று மாசுக்காக அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில், 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப்போனார்கள். பத்திரிகைகளில் '10 தொழிலாளர்கள்' என்று தலைப்பு. ஆல்பத்துக்கு 72 மாதிரிகள் என்பது போல.

வாங்குகிறவர் எப்போதும் பொருளைச் சுத்தமாகக் கேட்கிறார். பொருளைச் சுத்தம் செய்யும்போது முதலில் கழுவிவிடப்படுவது மூன்றாவது ஆள்.

7

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ஆந்தை அட்டையைக் காட்டி, "நீ சொன்னது சரிதான்க்கா. இத வரஞ்ச அம்மா முதல்ல தோலுலதான் படம் வெட்டுனவங்க. அப்புறம் இந்த ஆந்தைய வரஞ்சாங்க, இன்னொருத்தர் கல்லுல வெட்டினாரு" என்றேன். முச்சி கதையையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். செருப்புத் தைக்கிறவனும் அவன் பெண்டாட்டியும் நிற்கிற படம் என்றதும் சிரித்தாள்.

"வரஞ்சவனும் தோல்காரன், படத்துல நிக்கறவனும் தோல்காரன். ரெண்டு பேரும் இன்னா பேசிகினு இருந்திருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு முழு ஆய்வேட்டுக்குரிய கேள்வி அது. வரைபவனுக்கும் வரையப்படுபவனுக்கும் நடுவே இருந்த உறவை, வெள்ளைக்காரன் என்ற மூன்றாம் கண்ணை விலக்கிவிட்டு நம்மால் யோசிக்க முடியுமா? அந்தச் செருப்புக்காரனின் ஊசி பிடித்த விரல்களை முச்சி வரைந்தபோது, எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பினாள். ஆங்கில எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். கெனோஜுவாக் என்ற பெயர், படத்தின் பெயர், வருஷம், உரிமை பெற்ற விவரம் இருந்தன.

"இது அந்த அம்மா பேரா?"

"ஆமாக்கா."

"சரி. வெட்டினவரு பேரு?"

மூலப் படத்தின் மூலையில் இருக்கும் என்றேன். அட்டையாக அச்சடிக்கும்போது விட்டுவிட்டார்கள் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை என்னிடம் தராமல், அலமாரியில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள்.

மிச்சம் பத்தொன்பது அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. நண்பர்களுக்கு எழுத நினைத்து இதுவரை ஒன்றும் எழுதவில்லை. எழுதினால், பின்பக்கம் அச்சிட்ட பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டுத்தான் அனுப்ப வேண்டும்.